‘நன்கு மக்கிய’ என்றால் என்ன? வீட்டில் உரம் தயாரிப்பவர்களுக்கான சொல் விளக்கம்

தோட்டம் பற்றிய எந்தக் குறிப்பைப் புரட்டினாலும் ஒரு தொடர் தவறாமல் கண்ணில் படும்: ‘நன்கு மக்கிய தொழு உரம்’. கத்தரி நாற்று நடுவதற்கும் அதுதான், மல்லிகைப் பதியனுக்கும் அதுதான், மொட்டை மாடியில் பையில் அரைக்கீரை விதைப்பதற்கும் அதுதான். படிப்பவர் ‘தொழு உரம்’ என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டு நர்சரிக்குக் கிளம்பிவிடுகிறார். ‘நன்கு மக்கிய’ என்பது வழியிலேயே கழன்றுவிடுகிறது. வீட்டுத் தோட்டங்களில் இலை வெளிறி மஞ்சளாவதும், நாற்று இரண்டு இலையோடு நின்றுவிடுவதும், வேரை வெள்ளைப் புழு கடிப்பதும் பல நேரம் அந்த இரண்டு சொற்களைக் கவனிக்காததால் வருபவை.

வீட்டிலேயே உரம் தயாரிக்கத் தொடங்கினால் இன்னும் பல சொற்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. பச்சை, பழுப்பு, கார்பன்–நைட்ரஜன் விகிதம், பொகாஷி, லீச்சேட், வெர்மிவாஷ், கோகோபீட் என்று பட்டியல் நீள்கிறது. சில வேளாண்மைப் பல்கலைக்கழகக் கையேடுகளிலிருந்து வந்தவை, சில நகராட்சி அறிவிப்புப் பலகையிலிருந்து வந்தவை, சில உரப் பாக்கெட்டின் மேல் அச்சடிக்கப்பட்டவை. ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு பொருளில் வருவதும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஏக்கர் கணக்கில் நிலமும் வண்டி வண்டியாகக் கழிவும் உள்ள இடங்களில் பிறந்தவை. அங்கே நடப்பது அப்படியே 20 லிட்டர் வாளியிலும் நடக்கும் என்று எதிர்பார்ப்பதிலிருந்துதான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

எல்லாம் உரம்தான், ஆனால் ஒன்றல்ல

தொழு உரம் என்பது மாட்டுத் தொழுவத்திலிருந்து வருவது. சாணம், மூத்திரம் ஊறிய வைக்கோல், மாடு தின்று கழித்த சோளத்தட்டை, கூட்டிப் பெருக்கிய மண் எல்லாம் சேர்ந்து எருக்குழிக்குப் போகும். ஆண்டு முழுவதும் கொட்டி, கோடையில் வெட்டியெடுத்து, ஆடிப்பட்டத்துக்கு முன்னால் நிலத்தில் இறைப்பது கிராமங்களில் வழக்கம். ‘நன்கு மக்கிய’ என்ற தகுதியைக் கொடுத்தது அந்தப் பல மாதக் காத்திருப்புதான். நகரத்தில் மூட்டையில் கிடைக்கும் தூள் பல நேரம் அப்படிப்பட்டதல்ல. வெயிலில் காயவைத்து உடைத்த சாணம். காய்ந்ததும் மக்கியதும் வேறு வேறு. காய்ந்த சாணத்தில் நுண்ணுயிர்களின் வேலை நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். தொட்டியில் போட்டு நீர் ஊற்றியதும், விட்ட இடத்திலிருந்து அந்த வேலை மீண்டும் தொடங்கும், அதுவும் செடியின் வேரைச் சுற்றி.

அரைகுறையாக மக்கிய சாணத்தோடு இன்னொரு விருந்தாளியும் வருவதுண்டு. காண்டாமிருக வண்டு முட்டையிடுவதற்கு எருக்குழியைத்தான் தேடும். தென்னை விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். எருக்குழியில் வண்டின் புழுவை அழிக்க மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலந்துவிடுவார்கள். வீட்டுத் தோட்டக்காரர் தொட்டியைக் கவிழ்க்கும்போது, சுருண்டு கிடக்கும், விரல் கனத்த, பழுப்புத் தலை கொண்ட வெள்ளைப் புழுக்களைப் பார்த்துத் திகைப்பார். அவை காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்கலாம், அதே வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த வேர்ப்புழுக்களாகவும் இருக்கலாம். பெரும்பாலும் சாண மூட்டையோடு வீட்டுக்கு வந்தவைதான். எருவைத் தொட்டியில் இடுவதற்கு முன் ஒரு தாளில் பரப்பிப் பார்த்துவிட்டால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

மக்கு உரம், அதாவது கம்போஸ்ட், பெரும்பாலும் செடிகொடிக் கழிவை மனிதர் அடுக்கி, நனைத்து, கிளறி மக்கவைப்பது. மண்புழு உரம் அதற்கு அடுத்த கட்டம்: பாதி மக்கிய கழிவைப் புழு தின்று வெளியேற்றும் எச்சம். பசுந்தாள் உரம் மக்கவைப்பதே இல்லை. தக்கைப்பூண்டு, சணப்பு போன்றவற்றை வயலில் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுவது. தொட்டிச் செடிக்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

உயிர் உரம் என்ற சொல்தான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அசோஸ்பைரில்லம், ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா ஆகியவை உயிர் உரங்கள். பாக்கெட்டில் இருப்பது நுண்ணுயிர். செடிக்கு நேரடியான சத்து அதில் ஏறக்குறைய இல்லை. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதும், மண்ணில் கரையாமல் கிடக்கும் பாஸ்பரசைக் கரைத்துக் கொடுப்பதும் அவற்றின் வேலை. ஆறிய, முதிர்ந்த மக்கு உரத்தில் கலந்து இட்டால் பிழைத்துக்கொள்ளும். சூடு அடங்காத குவியலில் கலந்தால் செத்துப்போகும்.

கோகோபீட் உரமே அல்ல. அது தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்தபின் மிஞ்சும் துகள். நீரைப் பிடித்துவைக்கும், மண்ணை இலகுவாக்கும், அதோடு அதன் பணி முடிந்தது. கழுவாத கோகோபீட்டில் உப்பும் இருக்கும். ஆனால் அதே நார்க்கழிவைச் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைத்தால் அது உரமாகிவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கும் முறை இது. ‘மக்கிய தென்னை நார்க்கழிவு’ என்ற பெயரில் விற்பது இதைத்தான். கட்டியாக அழுத்தி விற்கும் கோகோபீட்டையும் இதையும் ஒன்றாக நினைத்து வாங்குபவர் செடியைப் பட்டினி போடுகிறார்.

மக்குவது, அழுகுவது, நொதிப்பது

கழிவு சிதைவதற்கு மூன்று வழிகள் உண்டு. காற்றோட்டம் இருந்தால் மக்கும். காற்றில்லாமல் நீர் தேங்கினால் அழுகும். காற்றை வேண்டுமென்றே அடைத்து, லாக்டிக் அமில பாக்டீரியாவின் கையில் ஒப்படைத்தால் நொதிக்கும். மூன்றையும் மூக்கே பிரித்துச் சொல்லிவிடும். மக்கும் குவியலில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை அது. அழுகும் வாளியில் கெட்ட முட்டையின் நாற்றம், நொதிக்கும் வாளியில் ஊறுகாய்ப் புளிப்பு.

இதைப் புரிந்துகொண்டவருக்கு வாளியின் நாற்றம் தோல்வியின் அறிகுறியாகத் தெரியாது. காற்று போதவில்லை என்ற தகவலாகவே தெரியும். கெட்ட முட்டை நாற்றம் வந்தால் கொட்டிக் கிளறி, காய்ந்த இலையைக் கலந்து, அடியில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். கண்ணை உறுத்தும் அம்மோனியா நெடி வந்தால் அது வேறு கதை: நைட்ரஜன் மிகுதியாகிக் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கும் மருந்து காய்ந்த இலைதான். இந்த நேரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவக் கூடாது. சாம்பலின் காரத்தன்மை அம்மோனியாவை இன்னும் வேகமாக வெளியேற்றிவிடும். செடிக்குப் போகவேண்டிய சத்து அது.

பொகாஷி என்பது மூன்றாவது வழி. ஜப்பானின் ஒகினாவாவில் பேராசிரியராக இருந்த தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய ஈ.எம். என்ற நுண்ணுயிர்க் கலவையோடு இன்று இந்தச் சொல் சேர்ந்து வழங்குகிறது. ஈ.எம். கலந்து உலர்த்திய தவிட்டைச் சமையலறைக் கழிவின் மீது தூவி, அழுத்தி, காற்றுப் புகாமல் மூடி இரண்டு வாரம் வைப்பார்கள். மூடியைத் திறந்தால் தோல்களெல்லாம் ஏறக்குறைய போட்டபடியே கிடக்கும். பலர் இந்த இடத்தில் ஏமாந்ததாக நினைக்கிறார்கள். பொகாஷியின் முடிவில் கிடைப்பது உரமல்ல, ஊறவைத்த கழிவு. அதை மண்ணில் புதைத்தோ சாதாரண மக்கு உரத் தொட்டியில் சேர்த்தோ மேலும் சில வாரங்கள் விடவேண்டும். அமிலத்தன்மை மிக்க அந்தக் கலவையை நேரடியாக வேரின் பக்கத்தில் வைத்தால் வேர் கருகும்.

பச்சையும் பழுப்பும்

மக்கு உரம் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் வரும் இணை இது. பச்சை என்றால் நைட்ரஜன் மிகுந்தது, பழுப்பு என்றால் கார்பன் மிகுந்தது. நிறத்தை நம்பினால் தடுமாற வேண்டிவரும். மாட்டுச் சாணத்தின் நிறம் எதுவாக இருந்தாலும் அது பச்சைக் கணக்கில் சேரும். வடிகட்டிய தேயிலைச் சக்கையும் காபிச் சக்கையும் பச்சைதான். இன்னொரு குழப்பம் குப்பைத் தொட்டியிலிருந்து வருகிறது. உள்ளாட்சி அமைப்புகள் மக்கும் குப்பையைப் பச்சைத் தொட்டியிலும், உலர் கழிவை நீலத் தொட்டியிலும் போடச் சொல்கின்றன. அங்கே உலர் கழிவு என்றால் பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம். உரம் தயாரிப்பவர் தேடும் காய்ந்த கழிவு அதுவல்ல. காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டைப்பெட்டி, முடிச்சவிழ்த்த பூமாலையின் வாழைநார். நூலும் ஜரிகையும் சேர்ந்து கட்டிய மாலையாக இருந்தால் அவற்றை உருவி எடுத்துவிட்டுப் பூவை மட்டும் போடவேண்டும்.

இனி கார்பன்–நைட்ரஜன் விகிதம். ஒரு பொருளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்பதே அந்த எண். காய்கறித் தோலில் 15 முதல் 20 வரை, சாணத்தில் 20 அளவில், கோழி எருவில் 10 அளவில் இருக்கும். காய்ந்த இலையில் 50 முதல் 80, தேங்காய் நார்க்கழிவில் 100க்கு மேல், மரத்தூளில் 300க்கும் மேல். குவியல் தொடங்கும்போது 25 முதல் 30 இருப்பது நல்லது என்று எல்லா நூல்களும் சொல்லும். ஏன் 25, ஏன் 30 என்பதை அறிந்துகொண்டால் அந்த எண் மறக்காது. நுண்ணுயிரின் உடலில் ஏறத்தாழ 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருக்கிறது. உடலில் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு பங்கு கார்பனுக்கும் சுமார் இரண்டு பங்கை அது ஆற்றலுக்காக எரித்து, கரியமில வாயுவாக விட்டுவிடுகிறது. ஆக 8ம் 16ம் சேர்ந்து 24. அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால் நைட்ரஜன் வீணாகாது.

இதை ஒரு வீட்டின் கணக்காகப் பார்க்கலாம். 1 கிலோ காய்கறித் தோலில் சுமார் 850 கிராம் நீர்தான். மிஞ்சும் 150 கிராமில் கார்பன் 60 கிராம், நைட்ரஜன் 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 15. அதோடு 300 கிராம் காய்ந்த இலை சேர்த்தால் கார்பன் சுமார் 120 கிராமும் நைட்ரஜன் 2 கிராமும் கூடும். மொத்தம் 180க்கு 6. விகிதம் சரியாக 30. காகிதத்தில் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கலவையில் நீர் எவ்வளவு? காய்ந்த இலையிலும் இருக்கும் 30 கிராம் ஈரத்தைச் சேர்த்தால் 1,300 கிராமில் 880 கிராம், அதாவது 68 சதவீதம். மக்குவதற்கு ஏற்ற ஈரம் 50 முதல் 60 சதவீதம். விகிதம் சரியாக இருந்தும் வாளி நாறுவதற்கு இதுதான் காரணம். ஈரத்தை 60க்குக் கொண்டுவர 500 கிராம் இலை வேண்டும். அப்போது கார்பன் விகிதம் 35 அளவுக்குப் போகும். அதனால் குடி முழுகிவிடாது, கொஞ்சம் மெதுவாக மக்கும், அவ்வளவுதான்.

நம் சமையலறைக் கழிவைப் பொறுத்தவரை பழுப்பின் முதல் வேலை நீரை உறிஞ்சுவதும் காற்றுக்கு இடம்விடுவதும். கார்பன் கொடுப்பது இரண்டாவது வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. சுரைக்காய், பூசணி, தர்ப்பூசணித் தோல், வாழைப்பழத் தோல் என்று நீர் மிகுந்தவையே நம் வீடுகளில் அதிகம் சேர்கின்றன. காய்ந்த இலை அளவில் பெரியது, எடையில் இலேசானது. ஆகையால் ஒரு கிண்ணம் தோலுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய இலை என்று அளந்து போட்டால் எந்தக் கணக்கும் தேவைப்படாது. கோகோபீட்டை மட்டும் போடுகிறவர்களுக்கு நீர் உறிஞ்சப்படும், ஆனால் அந்த நுண்துகள் அடைந்துபோய்க் காற்றுக்கு வழிவிடாது. இலையோ வைக்கோலோ கொஞ்சமாவது உடன் வேண்டும். கோகோபீட் மக்கவும் நாளாகும். அதில் லிக்னின் என்ற கடினப் பொருள் மிகுதி.

ஈரத்தை அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. வாளியின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் நீர் ஒழுகினால் மிகுதி. ஒன்றிரண்டு துளி மட்டும் கசிந்து, கையைத் திறந்ததும் உருண்டை உடையாமல் நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் சரி. உருண்டையே பிடிக்காவிட்டால் நீர் தெளிக்க வேண்டும். மே மாத மொட்டை மாடியில் மேற்பரப்பு காய்ந்தும் அடி சொதசொதவென்றும் இருப்பது வழக்கம். அதனால்தான் நடுவிலிருந்து எடுக்கச் சொல்வது.

சூடு ஏறும் குவியலும் ஏறாத வாளியும்

இப்போது அளவின் கேள்வி. நவீன மக்கு உர முறைகளில் உலகம் முழுவதும் பேசப்பட்டது நம் நாட்டின் இந்தூரில் உருவானது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர், யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1920களில் அங்கே ஆய்வு செய்து, 1931இல் அதை வெளியிட்டார். செடிக்கழிவு, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, மூன்று மாதத்துக்குள் சில முறை புரட்டிப்போடுவது இந்தூர் முறை. பெங்களூரில் 1939இல் ஆச்சார்யா என்ற ஆய்வாளர் வகுத்த முறையில் புரட்டும் வேலையே இல்லை. குழியில் அடுக்கி, மேலே சேறு பூசி மூடிவிடுவார்கள். ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். ஆள் கூலி மிச்சம், காலம் செலவு. இன்றும் வீட்டு உரத்தில் நாம் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான்: கிளறினால் வேகம், விட்டுவிட்டால் பொறுமை.

இந்தூர்க் குவியல் போன்ற பெரிய குவியலில் சூடு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இதை வெப்பமேற்ற முறை என்பார்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அழியும். மூடிய அமைப்பில் தொடர்ந்து மூன்று நாட்கள் 55 டிகிரிக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் விதி. 70 டிகிரியைத் தாண்டினால் மக்கவைக்கும் நுண்ணுயிர்களே செத்துவிடும் என்பதால் அப்போது புரட்டி ஆற்றவேண்டும். இவ்வளவு சூட்டைப் பிடித்துவைக்கக் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஏறக்குறைய 1 மீட்டர் இருக்கவேண்டும். அதைவிடச் சிறியதில் உண்டாகும் சூடு பக்கங்கள் வழியாகக் கசிந்துவிடும்.

வீட்டில் உள்ள பெயின்ட் வாளியோ மூன்றடுக்கு மண்பானையோ அந்தச் சூட்டை எட்டாது. இளஞ்சூடு ஏறி ஓரிரு நாளில் அடங்கும். அதில் நடப்பது குளிர் முறை மக்குதல். உரம் நன்றாகவே வரும், நாளாகும், ஆனால் விதை சாகாது. வீட்டு உரம் இட்ட தொட்டிகளிலெல்லாம் தக்காளியும் பூசணியும் மிளகாயும் தாமாக முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடு ஏறவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தக்காளி முளைத்தால் கொண்டாடலாம். நோய் தப்பிப் பிழைத்தால் அப்படியல்ல. வேர் அழுகிச் செத்த செடி, நூற்புழுவால் வேரில் முடிச்சு விழுந்த வெண்டை, தேமல் கண்ட பப்பாளி இலை ஆகியவற்றை வாளியில் போடக் கூடாது. பெரிய குவியலுக்கு எழுதப்பட்ட குறிப்பு ‘எல்லாவற்றையும் போடலாம்’ என்று சொல்லும். அது நம் வாளிக்குச் சொல்லப்பட்டதல்ல.

‘கம்போஸ்டபிள்’ என்று அச்சடித்த பைகளின் விவகாரமும் இதே சூட்டில்தான் இருக்கிறது. சோள மாவிலிருந்து செய்ததாகச் சொல்லப்படும் இந்தப் பைகள் மக்குகின்றனவா என்ற சோதனை 58 டிகிரி அளவிலான ஆலைச் சூட்டில் நடத்தப்படுகிறது. அந்தச் சூழலில் அவை மக்குவது உண்மை. வீட்டு வாளியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ‘பயோடிகிரேடபிள்’ என்ற சொல் அதைவிடவும் தளர்வானது; எத்தனை நாளில், எந்தச் சூழலில் என்று எதையும் அது சொல்வதில்லை. இரண்டையுமே உங்கள் வாளிக்கு வெளியே வையுங்கள்.

புழுக்கள்

மண்புழு உரத்துக்கு எல்லா மண்புழுவும் உதவாது. மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழ்பவை ஒரு வகை. மேற்பரப்பில் குப்பைக்குள்ளேயே வாழ்பவை இன்னொரு வகை. தொட்டியில் வேலை செய்பவை இரண்டாம் வகை. ஐசீனியா ஃபெட்டிடா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ், நம் மண்ணுக்கே உரிய பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவை பழக்கத்தில் உள்ளவை. சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய மண்புழு விஞ்ஞானி சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடாமல் உள்ளூர்ப் புழுக்களையே பயன்படுத்தலாம் என்று பல்லாண்டுகளாக எடுத்துச்சொல்லி வருபவர். புழுக்களுக்கு 35 டிகிரிக்கு மேல் தாங்காது. அதனால் கழிவைத் தனியாகச் சில வாரம் பாதி மக்கவைத்து, சூடு தணிந்த பிறகே புழுத்தொட்டிக்கு மாற்றவேண்டும். வெயில் நேரடியாக விழும் மாடியில் புழுத்தொட்டி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

மக்கு உர வாளியில் தானாக வரும் தட்டையான, சாம்பல் நிறப் புழு இன்னொன்று. ‘பிளாக் சோல்ஜர்’ என்ற ஈயின் இளம்பருவம் அது. பார்ப்பதற்கு அருவருப்பாக இருக்கும் என்பதைத் தவிர அதனால் தீங்கில்லை. ஈயாக மாறிய பின்னும் கடிக்காது, சமையலறையில் வந்து உணவை மொய்க்காது; கழிவை மிக வேகமாகத் தின்று தீர்க்கும். அது கூட்டமாக வந்தால் வாளியில் ஈரம் மிகுந்திருக்கிறது என்று பொருள். இலையைக் கூட்டினால் குறையும். வெள்ளைப் பஞ்சு போல் படர்வதைக் கண்டும் அஞ்சவேண்டாம். இலையின் கடினப் பகுதியை உடைக்கும் பூஞ்சையும் ஆக்டினோமைசீட்ஸும் அவை.

தூண்டியும் திரவங்களும்

மக்குவதைத் தொடங்கிவைக்கும் நுண்ணுயிர்க் கலவைக்குத் தூண்டி என்று பெயர். புளித்த மோர், வெல்லக் கரைசல், சாணிப்பால், தேசிய இயற்கை வேளாண்மை மையம் வெளியிட்ட ‘வேஸ்ட் டீகம்போசர்’, கடையில் விற்கும் தூள்கள் எல்லாம் இதில் அடங்கும். மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் காய்ந்த இலையிலும் தோட்ட மண்ணிலும் ஏற்கெனவே இருக்கின்றன. பழைய உரத்தில் ஒரு பிடியைப் புது வாளியில் போடுவதே போதுமான தூண்டி. ஈரமும் காற்றும் சரியில்லாத வாளியை எந்தத் தூளும் காப்பாற்றாது. 15 நாளில் உரம் என்று விளம்பரப்படுத்தப்படும் பொருளுக்குப் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் இலை நொறுக்க ஒரு நல்ல கத்திரி வாங்கலாம்.

திரவங்களில் மூன்றைக் கலந்துவிடுகிறார்கள். வாளியின் அடியில் வடியும் கறுப்பு நீர் லீச்சேட். இன்னும் மக்காத கழிவின் சாறு என்பதால் அமிலமாகவும் நாற்றமாகவும் இருக்கலாம், கிருமியும் இருக்கலாம். குறைந்தது பத்து மடங்கு நீர் சேர்த்து மரம், பூச்செடி ஆகியவற்றின் அடியில் ஊற்றலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா மேல் தெளிக்கக் கூடாது. முதிர்ந்த உரத்தை நீரில் ஊறவைத்து எடுப்பது கம்போஸ்ட் டீ. மண்புழுக்கள் வேலை செய்து முடித்த படுகையின் வழியாக நீரைச் சொட்டவிட்டுச் சேகரிப்பது வெர்மிவாஷ். நிறம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூலப்பொருள் மக்கியதா, மக்காததா என்பதில்தான் வேறுபாடு. கொடுமுடி மருத்துவர் கி. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் இந்த மூன்றிலும் சேராது. அது பால், தயிர், நெய், சாணம், கோமியம் ஆகியவற்றை நொதிக்கவைத்த வளர்ச்சியூக்கி. மக்கு உரத்துக்கு அது மாற்றல்ல.

முதிர்ச்சி

சூடு அடங்கிவிட்டது, கழிவின் உருவம் தெரியவில்லை, நிறமும் கறுத்துவிட்டது. இந்த நிலையில்தான் பெரும்பாலோர் வாளியைக் காலிசெய்து செடிக்கு இடுகிறார்கள். இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. முதிரவிடுதல் என்று அதைச் சொல்லலாம். வேகமாகச் சிதைபவை தீர்ந்தபின், நார்ப் பகுதிகளை மெதுவாகச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும் காலம் அது. கரிம அமிலங்கள் அழிவதும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதும் அப்போதுதான். கிளறாமல், இலேசான ஈரத்தோடு, நிழலில் ஒன்று முதல் இரண்டு மாதம் விட்டுவைக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டாத உரம் செடிக்கு இரண்டு விதத்தில் கேடு செய்யும். முதலாவது நைட்ரஜன் பிடிப்பு. கார்பன் இன்னும் மிகுந்திருக்கும் பொருளை மண்ணில் கலந்தால், அதைச் சிதைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். செடிக்குக் கிடைக்காது. அடி இலைகள் வெளிறுவதைப் பார்த்து ‘உரம் போட்டும் போதவில்லையே’ என்று அதே அரைகுறை உரத்தை மேலும் இடுவார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டாவது, மக்காத பொருளில் உள்ள அமிலங்களும் அம்மோனியாவும் முளைக்கும் விதையையும் இளம் வேரையும் நேராகத் தாக்கும். மக்குவதற்கு நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால், தொட்டி போன்ற சிறிய இடத்தில் வேருக்குக் காற்றும் போதாமல் போகும். வயலில் இந்தக் கேடு பரந்த மண்ணில் நீர்த்துப்போகும். 12 அங்குலத் தொட்டியில் செடிக்கு ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. வீட்டுத் தோட்டத்தில் ‘நன்கு மக்கிய’ என்ற சொல்லுக்குக் கூடுதல் கனம் இருப்பது இதனால்தான்.

முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு எளிய சோதனைகள் போதும். ஈரமான உரத்தில் ஒரு பிடியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் அடைத்து, காற்றை வெளியேற்றி, மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்து முகர்ந்து பார்க்கவேண்டும். மண்வாசனை வந்தால் முதிர்ந்திருக்கிறது. புளிப்போ நாற்றமோ வந்தால், பை உப்பியிருந்தால் இன்னும் காலம் வேண்டும்.

அடுத்தது முளைப்புச் சோதனை. இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் வெறும் தோட்ட மண்ணும் மற்றொன்றில் மண்ணும் உரமும் சம அளவில் கலந்ததும் நிரப்பவேண்டும். ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துக் கடுகோ வெந்தயமோ விதைத்து, ஒரே இடத்தில் வைத்து ஒரே அளவு நீர் தெளிக்கவேண்டும். பயறு வகைகளைவிடக் கடுகு நல்லது. சிறிய விதைக்குக் கைச்சரக்கு குறைவு என்பதால் சுற்றியுள்ள மண்ணின் குறையை உடனே காட்டிவிடும். ஒரு வாரத்தில் இரண்டு டம்ளரிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை முளைத்து, உரம் கலந்ததில் நாற்று தடித்தும் பசுமையாகவும் நின்றால் உரம் தயார். உரம் கலந்த டம்ளரில் முளைப்பு பாதியாகக் குறைந்தாலோ, வேரின் நுனி பழுப்பாகச் சுருண்டாலோ, உரத்தை மீண்டும் வாளியில் போட்டு மூடிவிடலாம், எதுவும் வீணாகவில்லை.

சல்லடையில் சலித்தால் மேலே நிற்கும் மாங்கொட்டை, தேங்காய் நார், கரும்புச் சக்கை, முட்டை ஓட்டுத் துண்டுகள் ஆகியவற்றை அடுத்த வாளிக்குத் தூண்டியாகப் போடலாம். கீழே விழும் தூள் முதலில் போட்ட கழிவின் அளவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இருக்கும். மீதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விட்டது.

கடையில் வாங்குபவர்களுக்கும் இதே அளவுகோல்தான். நகரக் கழிவிலிருந்து தயாரிக்கும் உரத்தில் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 20க்குக் கீழே இருக்கவேண்டும் என்று நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுத்திருக்கிறது. முதிர்ச்சியை எண்ணால் சொல்லும் வழி அது. பாக்கெட்டின் பின்புறத்தில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் சதவீதங்களைத் தேடிப்பிடித்து ஒப்பிடுபவர்கள் அந்த வரியையும் பார்க்கவேண்டும். மக்கு உரத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கு முன்பின்னாகத்தான் இருக்கும், யூரியாவில் 46. எண்ணைப் பார்த்து மக்கு உரத்தை வாங்குவதில் பொருளில்லை. மண்ணில் நீர் நிற்பதும், வேர் ஓடுவதும், நுண்ணுயிர் பெருகுவதும் அதனால் கிடைக்கும் பயன்கள்.

தொட்டிக் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்கு உரம் வேண்டாம். வளரும் செடிக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும். மிஞ்சியதைக் காற்றோட்டமுள்ள சாக்கில், இலேசான ஈரத்தோடு, மழை படாத இடத்தில் வையுங்கள். முழுதும் காய்ந்து தூசியாகிவிட்டால் உள்ளிருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி போய்விடும்.